ஈ உட்கார்ந்த இடம்

திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் ஆங்கில டைப்பிங்.
பக்கம் முப்பது ரூபாய்.
கரண்ட் போனால் நானும் மழையைத்தான் பார்ப்பேன்.

தை ஒன்பதாம் நாள்
கட்டிமேட்டுப் பக்கிரிசாமி வந்தார்.
சட்டைப் பைக்குள் பாலிதீன் பை,
பாலிதீன் பைக்குள் அடங்கல், பிரீமியம் ரசீது,
அதற்குள்ளும் எப்படியோ கொஞ்சம் தண்ணீர்.
"கம்பெனி பம்பாயில இருக்காம்.
இங்கிலீஷ்ல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு அடி."

இங்கிலீஷ் எனக்கு வரும்.
பிளஸ் டூவில் நூற்றி முப்பத்தொன்று.
ஆனால் அதில் சில சொற்கள்
ஒரே வயிற்றில் பிறந்து பங்காளியாகிப் போனவை.
அட்வைஸ் என்று ஒன்று.
சி போட்டால் பெயர், எஸ் போட்டால் வினை.
நாம் அந்த வழக்கையே வைத்துக்கொள்வதில்லை.
எந்தச் சொல்லையும் பிடித்து வந்து
பண்ணு என்ற வண்டியில் ஏற்றிவிட்டால் போதும்,
அட்வைஸ் பண்ணு, பிராக்டிஸ் பண்ணு, அப்ளை பண்ணு
என்று கிளம்பிவிடும்.

லாஸ் மட்டும் ஏற மாட்டேன் என்கிறது.
லாஸ் ஆச்சு என்றுதான் வாயில் வருகிறது.
யார் ஆக்கியது என்று
அந்தச் சொல்லிடம் கேட்க முடியாது.
அதன் தம்பி லூஸ்:
ஒற்றை ஓ என்றால் இழ,
இரட்டை ஓ என்றால் தளர்ந்தது.
மூன்றாவது அர்த்தம் நம்மூரில் சேர்த்தது,
கடை ஓனர் என்னைக் கூப்பிடுவது.

பக்கிரிசாமி சொல்லச் சொல்ல அடித்தேன்.
சி.ஆர். ஆயிரத்து ஒன்பது. ஒன்பது மா.
அறுவடைக்கு ஆறு நாள் இருக்கும்போது மழை.
முள்ளியாறு நிரம்பி
வடிகால் தண்ணீரைத் திருப்பி அனுப்பியது.
படுத்த கதிரில் முளைத்துவிட்டது முளை.
(முளைத்த முளை. இங்கே பெயரும் வினையும்
ஒரே சட்டையைப் போட்டுக்கொள்கின்றன.)

தமிழ்த் தாளை விரல் வைத்துப் படித்தார்.
ஒரு வரியில் விரல் நின்றது.
"ஒன்பது மா நட்டம்" என்று அடித்திருந்தேன்.
அவர் எழுதிக் கொண்டுவந்திருந்தது
"ஒன்பது மா நட்டோம்".
"கொம்பையும் காணும், காலையும் காணும்.
மாட்டை எங்கம்மா விட்டே?"
சிரிக்கவில்லை அவர்.
"நட்டோம்னு எழுதினாத்தான்
நட்டம்னு கேக்க முடியும்."
திருத்தி அடித்தேன். அந்தப் பக்கத்துக்குக்
காசு வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனார்.
இங்கிலீஷ் தாளின் மேல் யாரும் விரல் வைக்கவில்லை.

ராத்திரி கடைசி பஸ்ஸில்தான் உறைத்தது.
அஃபெக்ட் என்று அடிக்க வேண்டியது,
எஃபெக்ட் என்று போய்விட்டது.
முதலாவது, பாதிப்பது.
இரண்டாவது, அந்தப் பாதிப்பு விட்டுப்போவது.
இரண்டாவதை வினையாக்கி வேலை வாங்கினால்
உண்டாக்குவது.
ஏ இருக்க வேண்டிய இடத்தில்
ஓர் ஈ உட்கார்ந்துவிட்டது.
நம் ஈ பறக்கும், கொடு என்றும் சொல்லும்.
அந்த ஈ என்ன சொல்லுமோ.

பம்பாயில் ஏ.சி. அறையில் ஒருவர் படிப்பார்:
பெருமழையால் உண்டாக்கப்பட்டது
ஒன்பது மா சம்பா.
பொய் என்று எப்படிச் சொல்வது?
ஐப்பசியில் இதே மழைதான்
நாற்றைத் தூக்கி நிறுத்தியது.
அப்போது யாரும் கடிதம் எழுதவில்லை.

ரிஜிஸ்டர் தபால் மன்னார்குடி தாண்டியிருக்கும்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே
ஜுலைகா பீவி நின்றிருந்தார்,
அதே பாலிதீன் பை, அதே ஈரம்.
"பக்கிரிசாமிக்கு அடிச்ச மாதிரியே அடி.
பேரை மட்டும் மாத்து.
வேற ஒரு எழுத்தும் மாத்தாதே."

ஃபைலைத் திறந்தேன்.
பேரை மாற்றினேன், சர்வே எண்ணை மாற்றினேன்.
கர்சர் அந்த ஈக்குப் பக்கத்தில்
போய் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

முப்பது ரூபாய்தான் வாங்கினேன்.
அந்த ஓர் எழுத்துக்குத் தனியாக
எதுவும் போடவில்லை.